கொஞ்சம் வெளியே வாங்க

கோடிப்பட்டினத்தில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது யாரும் 'போறேன்' என்று சொல்வதில்லை. மற்ற ஊர்களிலும் சொல்வதில்லைதான். ஆனால் அங்கெல்லாம் வாய் தவறிச் சொல்லிவிட்டால் வீட்டில் நாலு திட்டு விழும், எங்கள் ஊரில் வீடே விழும்.

எல்லா வீடும் விழாது. புதிதாகக் கட்டிய வீடுகளில் நின்றுகொண்டு எதை வேண்டுமானாலும் சொல்லலாம், கான்கிரீட்டுக்குக் காது கிடையாது. சுண்ணாம்பும் கடுக்காயும் கருப்பட்டியும் சேர்த்து இடித்த காரையில் எழும்பிய பழைய வீடுகளுக்குத்தான் இந்தக் குணம். ரங்கூனுக்கும் பினாங்குக்கும் சைகோனுக்கும் பிழைக்கப் போனவர்கள் நிலைப்படியில் நின்று 'போயிட்டு வாறேன்' என்று சொல்லிவிட்டுப் போனார்கள், வீடுகள் அதை நம்பின, நம்பிக் காத்திருந்தன, காத்திருக்கிற வீடு விழாது என்பதால் உத்திரத்தைக் கரையான் தின்று தீர்த்த பிறகும், அடியில் கிடந்த மணலைக் கடல் அள்ளிக்கொண்டு போன பிறகும், அவை இருந்த இடத்தில் இருந்தபடியே தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றன. போனவர் திரும்பி வந்துவிட்டால் வீடு ஒரு பெருமூச்சு விட்டு, மற்ற ஊர் வீடுகளைப் போல மெல்ல மெல்லக் கிழடு தட்டும். போனவர் இனி வரமாட்டார் என்று தெரிந்துவிட்டால் அன்றைக்கே உட்கார்ந்துவிடும்.

அதனால்தான் எங்கள் ஊரில் சாவுச் சேதியை வீட்டுக்குள் சொல்வதில்லை. தபால்காரரானாலும் அக்கரையிலிருந்து திரும்பியவரானாலும் தெருவில் நின்றுகொண்டு, 'கொஞ்சம் வெளியே வாங்க' என்று கூப்பிடுவார்கள். அதைவிட நாங்கள் பயந்த வார்த்தை வேறில்லை. வெளியே வந்தவர்களைப் பக்கத்து வீட்டார் கைத்தாங்கலாகக் கடற்கரைக்கு அழைத்துப் போவார்கள். பழைய துறைமேடைக்குத் தெற்கே அழுகைத்திடல் என்று ஒரு மணல்வெளி இருக்கிறது. அங்கே மார்பில் அடித்துக்கொண்டு அழுது, மணலில் புரண்டு, கடல் தண்ணீரில் முகம் கழுவி, முந்தானையால் துடைத்து, வீட்டுக்குத் திரும்பி, உள்ளே நுழையும்போது 'இன்னும் சேதி ஒண்ணும் வரல' என்று கதவுக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைப்பார்கள். வெளியூர்க்காரர்கள் எங்களைக் கல்நெஞ்சுக்காரர்கள் என்று சொல்வதுண்டு. சொந்த வீட்டில் அழ முடியாதவர்களின் கஷ்டம் அவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது.

சுங்கத் தெருவில் மச்சு வைத்த வீடு ஒன்று சபுராவுடையது. கல்யாணமான மறு வருஷமே அவள் புருஷன் ஜெகபர் பினாங்குக்குப் போனான். முதலில் கடிதம் வந்தது, பிறகு கடிதம் வருவதும் நின்றது. ஒருநாள் பினாங்கிலிருந்து ஊர் திரும்பிய, அவள் காக்கா என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிடும் ஒருவர் அவள் வீட்டு எதிரே தெருவில் வந்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, "சபுரா, கொஞ்சம் வெளியே வாம்மா" என்று கூப்பிட்டார். உள்ளே அரிசி மாவு பிசைந்துகொண்டிருந்தவள், "மாவு கையா இருக்கேன் காக்கா, அப்பறம் வாறேன்" என்றாள். அவர் வெயில் ஏறும்வரை நின்றார். அவள் வரவில்லை. மறுநாளும் வந்து கூப்பிட்டார், மறுநாளும் அவளுக்கு மாவு கையாகவே இருந்தது. அவர் சொல்லாமலே திரும்பிப் போனார், சொல்லாமலே செத்தும் போனார். அது என்ன சேதி என்று சபுராவுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளாமல் இருப்பதற்கு எவ்வளவு தெரிந்திருக்க வேண்டுமோ அவ்வளவு தெரியும்.

அதற்குப் பிறகு இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. தினமும் பிற்பகலில் இறால் வைத்து வாடா என்கிற பலகாரம் சுட்டு, கூடையில் அடுக்கி, நிலைப்படியில் நின்று எல்லோரையும் போல 'வாறேன்' என்று சொல்லிவிட்டு, பேருந்து நிலையத்துக்குக் கொண்டுபோய் விற்று, விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்பிவிடுவாள். அவள் அழுது யாரும் பார்த்ததில்லை. அழுகைத்திடல் பக்கம்கூட அவள் போனதில்லை, போனால் எதற்கு என்று தனக்கே பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

அந்த வீட்டு மச்சில்தான் கோகிலவாணி வந்து தங்கினாள். காங்கேயத்துப் பெண். கடலோரத்துப் பழைய கட்டடங்களை எல்லாம் அளந்து, படம் வரைந்து, எதை எப்படிக் காப்பாற்றலாம் என்று சொல்வதற்காகச் சென்னையில் ஏதோ ஓர் அலுவலகம் அவளை அனுப்பியிருந்தது. ஒல்லியான உடம்பு, பெரிய பை, பைக்குள் டேப்பும் ரசமட்டமும் தூக்குக்குண்டும், சுவரில் சிவப்புப் புள்ளி விட்டுத் தூரம் சொல்லும் ஒரு கருவியும். முதல் வேலையாகத் தான் தங்கிய வீட்டையே அளந்தாள். அளந்துவிட்டுக் கருவியைத் தட்டிப் பார்த்தாள். மறுபடி அளந்தாள். மேற்குச் சுவர் தெருப்பக்கம் அத்தனை சாய்ந்திருந்தது, தூக்குக்குண்டு சுவரை விட்டு ஒரு முழம் தள்ளித் தொங்கியது.

"ஏனுங்க அக்கா, இந்தச் செவுரு எப்படிங்க நிக்குது?" என்று கேட்டாள்.

"எங்க மச்சான் வரணும்ல, அதான் நிக்கிது" என்றாள் சபுரா, வெங்காயம் அரிந்தபடி.

அதை வரைபடத்தில் எப்படிக் காட்டுவது என்று வாணி படித்த படிப்பில் யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. ஆனால் அவள் சிரிக்கவில்லை. அதனாலேயே எங்களுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. எந்த வீட்டில் அளவு எடுத்து முடித்தாலும், அது ஆளில்லாத பாழ்வீடாகவே இருந்தாலும், வாசலில் திரும்பி நின்று, காங்கேயம் பக்கத்து மனிதர்களுக்கே உரிய மரியாதையோடு, "போயிட்டு வர்றேனுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் படியிறங்குவாள். எங்கள் ஊரில் வருகிறவர்களெல்லாம் வந்து சேர்ந்துவிட்ட, இனி யாரையும் எதிர்பார்க்க வேண்டியில்லாத, இன்றோ நாளையோ என்று கிடந்த கட்டடங்கள் நிறைய இருந்தன. பழைய சுங்கச்சாவடியின் கூரையிலிருந்து மணற்கடிகாரத்து மணல் மாதிரி காரை உதிர்ந்துகொண்டே இருக்கும். அவள் அளந்துவிட்டு 'வர்றேனுங்க' என்று சொன்ன அன்று உதிர்வது நின்றது. ஒல்லாந்தர் பங்களாவின் மாடிப்படி அதுவரை ஏறினால் ஆடும், அதுவும் ஆட்டத்தை விட்டது. உப்புக் கிடங்குச் சுவரில் வேர் விட்டிருந்த அரசங்கன்று தானாகவே வாடி உதிர்ந்தது. எல்லாம் அவளுக்காகக் காத்திருக்க ஆரம்பித்துவிட்டன.

பிறகு கேட்க வேண்டுமா. ஊரே அவள் பின்னால் அலைந்தது. "எங்க வூட்டுக்கும் வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ புள்ள" என்று டீயும் பலகாரமும் வைத்துக்கொண்டு வாசல்தோறும் நின்றார்கள். பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவருக்குச் சொன்னாள், பாதிரியார் தங்கும் வீட்டுக்குச் சொன்னாள், பாயும் தலையணையும் தவிர வேறு சொத்தில்லாத ஒண்டிக்கட்டைகளின் வீடுகளுக்கும் சொன்னாள். தேர்தலுக்குத் தேர்தல் 'மீண்டும் வருவேன்' என்று மைக்கில் சொல்லிவிட்டுப் போனவர்களின் வார்த்தையில் எங்கள் ஊரில் ஒரு செங்கல்கூட நின்றதில்லை, வீடுகளுக்கு அவர்களைத் தெரியும். இவள் சொன்னால் நம்பின. ஏனென்றால் இவள் நிஜமாகவே திரும்பத் திரும்ப வந்தாள். காலையில் சொல்லிவிட்டுப் போனால் நாலு நாள் கழித்து வந்து எட்டிப் பார்ப்பாள், சுவரைத் தொட்டுப் பார்ப்பாள், மறுபடி சொல்லிவிட்டுப் போவாள்.

ஆனால் அவளுக்கு அதில் பயமும் இருந்தது. பேருந்து நிலையத்தில் டீக்கடை வைத்திருக்கும் அந்தோணிப்பிச்சை ஒருநாள், "நீ இருக்கறப்ப எங்களுக்கு என்ன தாயி கவலை" என்றபோது, கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்.

"அப்படிச் சொல்லாதீங்கண்ணா. வார்த்தைங்கறது முட்டுக் குடுக்கற மாதிரிங்க. முட்டு இருக்கறப்பவே வேலையப் பாத்துப்போடோணும். உத்திரம் மாத்தோணும், காரை பூசோணும். இல்லீன்னா எத்தன நாளைக்குத்தான் அதுக வாசலையே பாத்துட்டு நிக்குமுங்க, பாவம்."

கட்டடங்களைப் பார்த்து யாராவது பாவம் என்று சொல்லி நாங்கள் அதுவரை கேட்டதில்லை.

வரைபடங்கள் எல்லாம் முடிந்ததும், பழுது பார்க்க அனுமதி வாங்கி வருவதாகச் சென்னைக்குக் கிளம்பினாள். அன்று காலை தெருத்தெருவாக நடந்து ஒவ்வொரு வாசலிலும் நின்று 'போயிட்டு வர்றேனுங்க' சொன்னாள். சபுராவின் வீட்டில் கடைசியாகச் சொன்னாள். தூக்குக்குண்டை மச்சிலேயே விட்டுவிட்டுப் போனாள், "வந்து எடுத்துக்கறனக்கா" என்று.

பேருந்து விழுப்புரம் தாண்டியதும் கவிழ்ந்தது.

சேதி அந்தோணிப்பிச்சையின் கடைக்குத்தான் போனில் வந்தது. அவன் அடுப்பை அணைத்தான், செருப்பைப் போடாமல் நடந்தான், கப்பக்காரத் தெருவின் முதல் வீட்டு எதிரே நின்று, "கொஞ்சம் வெளியே வாங்க" என்றான். அடுத்த வீட்டுக்குப் போனான், "கொஞ்சம் வெளியே வாங்க" என்றான். ஒரு வீட்டில் யாரோ செத்தால் அந்த வீட்டைத்தான் கூப்பிடுவது வழக்கம், அன்று அவன் ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டுக்கொண்டே போனான், நாங்கள் ஒவ்வொருவராக வெளியே வந்து, என்னவென்று கேட்கும்முன்பே அவன் முகத்தைப் பார்த்து, கதவைத் திறந்தபடி போட்டுவிட்டு, அடுப்பில் வைத்த உலையை அப்படியே விட்டுவிட்டு, அவன் பின்னால் நடந்தோம், கடைசியில் ஊரில் ஒரு மனிதர் பாக்கியில்லாமல் எல்லோரும் அழுகைத்திடலில் போய் நின்று, சொந்தமும் இல்லாத சாதியும் இல்லாத எங்கள் பேச்சுக்கூடப் பேசாத ஒரு பெண்ணுக்காக வாய்விட்டு அழுதோம். பிறகு முகம் கழுவினோம். வரிசையாக நின்றுதான் கழுவ வேண்டியிருந்தது. வீட்டுக்கு வந்து, 'வாணி இன்னும் வரல' என்று சொல்லிவிட்டுப் பொங்கியவரைக்கும் சாப்பிட்டோம்.

சபுரா மட்டும் வரவில்லை. அவள் மாவு கையாக இருந்தாள்.

அதற்குப் பிறகு எங்கள் ஊரில் ஒரு கல் பெயரவில்லை, ஒரு மழையில் ஒரு கூரை ஒழுகவில்லை. இருநூறு வருஷத்துக் கட்டடங்கள் இப்படி இருப்பது அதிசயம் என்று எங்கிருந்தெல்லாமோ வந்து படம் எடுத்தார்கள். ஊர் முகப்பில் பெரிய பலகை வைத்தார்கள். பலகை வைத்தவர்களுக்குத் தெரியாதது எங்களுக்குத் தெரியும். பிற்பகல் சென்னைப் பேருந்து ஹாரன் அடித்ததும் ஊரின் கதவுகள் எல்லாம் தாமாகவே ஒரு சாண் திறக்கும், பேருந்து காலியானதும் மூடிக்கொள்ளும். நாங்கள் பிறந்து வளர்ந்த வீட்டில் நாங்களே விருந்தாளிகள் மாதிரி நடமாடினோம், வீட்டின் கவனமெல்லாம் வாசலில் இருந்தது. பொய் சொல்லிச் சொல்லி எங்களுக்கு நாக்கு கசந்தது. துக்கம் தீர வேண்டுமென்றால் செத்தவரைச் செத்தவர் என்று சொல்லியாக வேண்டும், அதைச் சொல்ல எங்களுக்கு வீடில்லை.

அடுத்த ஆடியில் அந்தப் பேருந்திலிருந்து ஓர் அம்மாள் இறங்கினார். கையில் மஞ்சள் பை, காலில் வெடிப்பு. ஹாரனுக்கு ஒரு சாண் திறக்கிற கதவுகள் அன்று அகலத் திறந்து சுவரில் மோதின. அவர் அந்தோணிப்பிச்சையின் கடைக்கு வந்து, "ஏனுங்க, எம் புள்ள கோகிலவாணி இங்கதாங்க தங்கியிருந்தா" என்றார்.

அதே குரல். நாங்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். பார்த்தது நாங்கள் மட்டுமில்லை, எதிரே இருந்த சுங்கச்சாவடி வாணியே வந்துவிட்டாள் என்று ஒரு பெருமூச்சு விட்டது, அதன் கூரையிலிருந்து பிடி காரை உதிர்ந்தது. அந்தோணிப்பிச்சை ஓடிவந்து அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அம்மா, கோவிச்சுக்காதீங்க. ஊருக்குள்ள பேசாதீங்கம்மா. அழுவவும் கூடாது."

ஏன் என்று காதோடு காதாக விளக்கினான். மயிலாத்தாள், அதுதான் அவர் பெயர், எல்லாவற்றையும் கேட்டார். நம்ப முடியாது என்று சொல்லவில்லை, மகளை இழந்த பிறகு அவருக்கு நம்ப முடியாதது என்று உலகத்தில் எதுவும் மிச்சமில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு எங்களோடு அழுகைத்திடலுக்கு வந்தார். கடலைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை.

"வர மாட்டேங்குதுங்க" என்றார். "பொணமாக் கொண்டாந்து போட்டப்பவும் வரல. இந்தக் கடலு எனக்கு என்னங்க ஒறவு? எம் புள்ள படுத்திருந்த எடத்தை ஒருக்கா பாத்துட்டுப் போயிர்றேனுங்க. பேச மாட்டேன்."

வேண்டாம் என்று எப்படிச் சொல்வது. எங்கள் ஊரைக் காப்பாற்றுவதற்காக ஒரு தாய் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டு சுங்கத் தெருவில் நடந்தார், நாங்கள் வெட்கமில்லாமல் பின்னால் போனோம். சபுராவின் வீட்டு வாசலில் அவரை விட்டுவிட்டுத் தெருவில் நின்றோம்.

மச்சில் வாணியின் அறை அப்படியே இருந்தது. கொடியில் துண்டு, ஆணியில் தூக்குக்குண்டு, சீப்பில் அவளுடைய நீள முடி. மயிலாத்தாள் சீப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். முந்தானையைச் சுருட்டி வாய் நிறைய அடைத்துக்கொண்டார். உடம்பு குலுங்கியது, சத்தம் வரவில்லை. அறை வாசலில் நின்ற சபுரா அந்தக் குலுக்கலைப் பார்த்தாள். கண்ணாடியில் தன்னைப் பார்ப்பது போல இருந்தது என்று பிற்பாடு அவளே சொன்னாள். அருகே போய் உட்கார்ந்து, அந்த வாயிலிருந்து முந்தானையை இழுத்து எடுத்தாள்.

"அழுவுங்கம்மா."

மயிலாத்தாள் தலையை ஆட்டி மறுத்தார். விரலால் சுவரைக் காட்டினார்.

"வூடு கெடக்குது. புள்ளைய விடவா வூடு? வாய் விட்டு அழுவுங்க."

"என்ற கண்ணு…" என்று கிளம்பிய அந்தக் குரல் எங்கள் ஊரில் எந்த வீட்டுக்குள்ளும் அதுவரை எழும்பாத குரல். "என்ற சாமி, வர்றேன்னுட்டுப் போயி வராமயே போயிட்டியே!" அதைத் தொடர்ந்து இன்னொரு குரல் எழுந்தது. முதலில் அது யாருடையது என்று எங்களுக்கே புரியவில்லை, அவ்வளவு காலம் அதைப் பூட்டி வைத்திருந்தாள். "மச்சான் மௌத்தாயிட்டாக! எனக்குத் தெரியும், எங்க மச்சான் மௌத்தாயிட்டாக!" யாரும் சொல்லாத சாவுச் சேதியை அவளே தன் வீட்டுக்குச் சொன்னாள்.

மேற்குச் சுவரில் மேலிருந்து கீழ்வரை விரிசல் ஓடியது. ஓடுகள் சரிந்தன. "சபுரா, வெளியே வா! வெளியே வந்துரு!" என்று தெருவே கத்தியது. எந்த வார்த்தைக்கு நாங்கள் காலமெல்லாம் பயந்தோமோ அதையே அவள் உயிருக்காகக் கத்தினோம். இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு, புழுதிக்குள்ளிருந்து இறங்கி வந்தார்கள்.

வீடு விழவில்லை.

ஜெகபர் வரமாட்டான் என்று அதற்குத் தெரிந்துவிட்டது, வாணி வரமாட்டாள் என்றும் தெரிந்துவிட்டது, ஆனாலும் பிளந்த சுவரோடு நின்றுகொண்டிருந்தது. சபுரா தெருவில் நின்று அதைப் பார்த்தாள். அவளுக்குக் கோபம் வந்தது. "இன்னும் யாருக்கு நிக்கிற?" என்று கேட்டாள். "வுழுந்து தொலையேன்."

மயிலாத்தாள் அவள் தோளைத் தொட்டார். "எங்கூட வந்துரு அம்மிணி. அங்கயும் நான் ஒத்தைலதான் கெடக்கறேன். ரெண்டு பேரும் கஞ்சியோ கூழோ குடிச்சுக்கலாம்."

சபுரா யோசித்தாள். சரி என்றாள். உள்ளே போய் நாலு புடவையை ஒரு பையில் வைத்துக்கொண்டு வந்தாள். நிலைப்படியில் நின்று திரும்பினாள். ஒரே ஒரு வார்த்தை பாக்கி, அதைச் சொன்னால் வீட்டுக்கும் விடுதலை, அவளுக்கும் விடுதலை. அவள் அதைச் சொல்லப்போகிறாள் என்று தெருவில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நாங்கள் பிள்ளைகளைப் பின்னால் இழுத்துக்கொண்டோம். சபுரா நிலைக்கதவைப் பார்த்து வாயைத் திறந்தாள்.

"வாறேன்" என்றாள்.

சொன்ன பிறகுதான் அவளுக்கே கேட்டது. பை கையிலிருந்து நழுவியது. ஜெகபர் அந்த வார்த்தையைச் சொன்னது ஒரே ஒரு தடவை. இவள் தினமும் சொல்லியிருந்தாள், சொன்னபடி தினமும் திரும்பி வந்திருந்தாள், நாங்கள்தான் அதைக் கணக்கில் வைக்கவில்லை. படியிலேயே உட்கார்ந்து, வீட்டுக்குக் கேட்கும்படி, முகத்தை மூடாமல் அழுதாள். நாங்கள் யாரும் அவளைக் கடற்கரைக்குக் கூப்பிடவில்லை.

பிறகு எழுந்து, மயிலாத்தாளைப் பேருந்து ஏற்றிவிடக் கூடவே போனாள். மயிலாத்தாள் மகளின் சீப்பை மட்டும் எடுத்துக்கொண்டார். ஜன்னலோரம் உட்கார்ந்து எங்களைப் பார்த்தார், வர்றேன் என்றும் சொல்லவில்லை, போறேன் என்றும் சொல்லவில்லை, தலையை மட்டும் அசைத்தார். பேருந்து வளைவில் மறைந்த பிறகும் சபுரா அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் திரும்பி வரும்போது விளக்கு வைத்தாயிற்று. சுங்கத் தெருவில் எல்லாக் கதவும் மூடியிருந்தது, பிளந்த சுவரோடு அவள் வீடு மட்டும் கதவைத் திறந்து வைத்திருந்தது.